பார்பேஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் யார்? ஷிபானிகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸில் லாச்சப்பல் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, மெட்ரோ மேம்பாலத்தை ஒட்டியே பத்து நிமிடம் நடந்தால் பார்பேஸ் வந்துவிடும். புதனும் சனியும் பாலத்துக்கு அடியில் சந்தை. சந்தை இல்லாத நாளிலும் அங்கே வயதான வட ஆப்பிரிக்க ஆண்கள் நின்றுகொண்டோ, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோ இருப்பார்கள். பழைய கோட்டு, கம்பளித் தொப்பி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மழை வந்தால் பாலத்துக்கு அடியில் ஒதுங்குவார்கள். வெயில் வந்தால் திரும்ப வெளியே வருவார்கள்.

"இவர்களுக்கு வீடு வாசல் இல்லையா? ஏன் இப்படி நாள் முழுக்கத் தெருவில் இருக்கிறார்கள்?" என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் என்னிடம் கேட்காத வருடமே இல்லை. பாரிஸை ஒட்டிய 93ஆம் மாவட்டத்தில் பல வருடங்களாக வசிக்கிறேன். மருத்துவமனைக் காத்திருப்பு அறைகளில் இவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழகியவன். கேட்கப்பட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஷிபானி என்றால் என்ன பொருள்?

வட ஆப்பிரிக்க அரபியில் நரைத்தவர், பெரியவர் என்று பொருள். அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா மூன்று நாடுகளிலும் புழங்கும் சொல். பிரான்சில் இதற்குத் தனிப் பொருளே வந்துவிட்டது. 1950களிலிருந்து 70கள் வரை வேலைக்காக வந்து, இங்கேயே முதுமை அடைந்துவிட்ட தொழிலாளர்களைத்தான் ஷிபானி என்கிறார்கள். பெண்களுக்கு ஷிபானியா.

2013இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் வயதான குடியேறிகளைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த 65 வயது தாண்டியவர்கள் சுமார் 3.5 லட்சம் பேர் பிரான்சில் இருப்பதாக அதில் கணக்கிட்டார்கள். அவர்களில் பெரும் பங்கு வட ஆப்பிரிக்கர்கள்.

இவர்களாக வந்தார்களா, யாராவது கூட்டி வந்தார்களா?

இரண்டும் உண்டு. ஆனால் கூட்டி வந்த கதையைத்தான் பிரான்ஸ் சுலபமாக மறந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடு கட்டவும், சாலை போடவும், கார் செய்யவும், நிலக்கரி வெட்டவும் ஆள் தேவைப்பட்டது. அல்ஜீரியா 1962 வரை பிரான்சின் பிடியில் இருந்ததால் அங்கிருந்து வருவதற்குத் தடை அதிகம் இல்லை. மொராக்கோவுடனும் துனிசியாவுடனும் 1963இல் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டார்கள். மறு வருடம் பெல்ஜியமும் மொராக்கோவுடன் ஒப்பந்தம் போட்டது.

வடக்குப் பிரான்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஆள் எடுத்த கதையை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஃபெலிக்ஸ் மோரா என்ற முன்னாள் இராணுவ அதிகாரி தெற்கு மொராக்கோவின் கிராமங்களுக்குப் போவார். இளைஞர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். பல்லைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், முதுகைப் பார்ப்பார். தேறியவன் மார்பில் பச்சை முத்திரை, தேறாதவனுக்குச் சிவப்பு. மாட்டுச் சந்தையில் மாடு பிடிப்பது போலத்தான். இப்படி எடுக்கப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். பச்சை முத்திரை அழிந்துவிடக் கூடாதே என்று அன்றிரவு குளிக்காமல் இருந்ததாகச் சொல்லும் பெரியவர்கள் உண்டு.

1974 ஜூலையில் பிரான்ஸ் வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுத்தியது. அதுவரை போய்ப் போய் வந்துகொண்டிருந்தவர்கள், இப்போது போனால் திரும்ப விட மாட்டார்களோ என்று பயந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். கதவை மூடியதால் ஆட்கள் வெளியேறவில்லை, உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள்.

குடும்பத்தை ஏன் அழைத்து வரவில்லை?

நிறையப் பேர் அழைத்து வந்தார்கள். குடும்பத்தை அழைத்துக்கொள்ள 1976இல் விதி வந்தது. ஆனால் அதற்குப் போதுமான சம்பளம் வேண்டும், குறிப்பிட்ட அளவு வீடு வேண்டும். அது இல்லாதவர்கள் தனியாகவே இருந்தார்கள். பணம் இருந்தும் அழைக்காதவர்களும் உண்டு. "இன்னும் இரண்டு வருடம், பிறகு ஊருக்குப் போய்விடுவேன்" என்றே நாற்பது வருடம் சொன்னவர்கள் அவர்கள். சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்குப் போகும். தம்பிக்கு நிலம், தங்கைக்குக் கல்யாணம், மகனுக்குப் படிப்பு. நம் ஊர் வளைகுடா வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அவர்கள் தங்கும் இடத்தை 'ஃபோயே' என்கிறார்களே, அது என்ன?

தனியாக வந்த ஆண் தொழிலாளர்களுக்காகக் கட்டிய விடுதி. அல்ஜீரியத் தொழிலாளர்களுக்கு என்றே 1956இல் சொனாகொத்ரால் என்ற நிறுவனத்தை அரசு தொடங்கியது. 1963இல் அது சொனாகொத்ரா ஆனது. 2007 முதல் அதன் பெயர் அதோமா. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதால், சேரிகளிலிருந்து ஆட்களை வெளியே கொண்டுவருவதோடு அவர்கள் மேல் ஒரு கண் வைத்திருப்பதும் நோக்கமாக இருந்தது. விடுதி நிர்வாகிகளாகப் பழைய இராணுவக்காரர்களை நிறைய வைத்தார்கள்.

ஓர் அறை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஏழரைச் சதுர மீட்டர், நம் கணக்கில் 80 சதுர அடி. இதைவிடச் சிறியதாக, நாலரைச் சதுர மீட்டர் அறைகளும் இருந்தன. கதவைத் திறந்தால் கட்டில், கட்டிலை ஒட்டி ஒரு அலமாரி, மூலையில் கை கழுவும் தொட்டி. விருந்தாளி வந்தால் ஒரே நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் கட்டிலில் உட்காருவார். அலமாரிக்கு மேலே பெட்டி, எப்போதும் பாதி கட்டிய நிலையில். நான் போயிருந்த ஓர் அறையில் பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. பாஸ்போர்ட், பென்ஷன் காகிதங்கள், சர்க்கரை மாத்திரை, பேரப்பிள்ளையின் போட்டோ எல்லாம் அதற்குள்ளேயே. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்.

1975 முதல் 1980 வரை இந்த விடுதிகளில் பெரிய வாடகை மறுப்புப் போராட்டம் நடந்தது. வாடகை ஏற்றத்தை மட்டும் அவர்கள் எதிர்க்கவில்லை. பார்க்க வருபவர்களைத் தடுக்கக் கூடாது, எங்களைக் குழந்தைகள் போல நடத்தக் கூடாது என்றும் கேட்டார்கள். 1997 முதல் ஃபோயேக்களை இடித்தும் திருத்தியும் தனித்தனிச் சிறு வீடுகளாக மாற்றி வருகிறார்கள். கழிப்பறை உள்ளேயே வந்தது, நல்லதுதான். ஆனால் பொதுச் சமையலறை போயிற்று. ஒரே சட்டியில் சமைத்து, "இன்னிக்கு ஏன் சாப்பிட வரலை?" என்று கதவைத் தட்டிக் கேட்ட பழக்கமும் அதோடு போயிற்று. எழுபது வயதுக்காரருக்கு அந்தத் தட்டல் ஒரு மருத்துவ வசதி என்றே நான் சொல்வேன்.

உடம்புக்கு என்ன பிரச்சினைகள் அதிகம்?

முதுகு, முழங்கால், காது, நுரையீரல். வேலையைக் கேட்டாலே நோயைச் சொல்லிவிடலாம். சாலை உடைக்கும் இயந்திரத்தைப் பிடித்தவருக்குக் கை நடுக்கமும் காது மந்தமும். கட்டட வேலைக்காரருக்கு முதுகு. பழைய கொதிகலன்களிலும் கட்டடங்களிலும் வேலை பார்த்தவர்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ். பிரான்ஸ் அதை 1997இல்தான் முழுதாகத் தடை செய்தது. அந்த நார் நுரையீரலுக்குள் போய் முப்பது நாற்பது வருடம் கழித்தும் புற்றுநோயாக வெளிப்படும் என்பதால், வேலையை விட்டவருக்கும் ஆபத்து விடுவதில்லை.

சுரங்கத்தில் இருந்தவர்களுக்கு சிலிகோசிஸ். பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய தூசி நுரையீரலில் படிந்து, அந்த இடத்தை வடுவாக்கிவிடும். வடு விழுந்த இடத்தில் காற்று போகாது. வடக்குப் பிரான்சின் கடைசிச் சுரங்கம் 1990 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனால் தூசி உள்ளே இருக்கிறதே. மாடிப்படி ஏறும்போது நான்கு படிக்கு ஒருமுறை நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சும்மா வேடிக்கை பார்ப்பது போல ஜன்னலைப் பார்ப்பார்கள். மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். இது தொழில்சார் நோய் என்று பிரான்சில் 1945 முதலே அங்கீகாரம் உண்டு. ஆனால் எத்தனை சதவீதம் பாதிப்பு என்று மருத்துவர் எழுதுவதை வைத்துத்தான் இழப்பீடு. அந்தச் சதவீதத்துக்காக மனு மேல் மனு போட்டுக்கொண்டே இறந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் குடியேறிகள் உள்ளூர்க்காரர்களைவிட ஆரோக்கியமானவர்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றனவே?

சொல்கின்றன, பொய்யும் இல்லை. பிரான்சில் மொராக்கோ ஆண்களின் இறப்பு விகிதம் பிரெஞ்சு ஆண்களைவிடக் குறைவாக இருப்பதை 1990களிலேயே மக்கள்தொகை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். பச்சை முத்திரை வாங்கியவர்கள்தானே வந்தார்கள்? நோஞ்சானைக் கழித்துவிட்டுத் திடமானவனை மட்டும் எடுத்தால் கணக்கு அப்படித்தான் வரும். மதுவும் குறைவு. கடுமையாக நோயுற்றவர்களில் ஒரு பகுதியினர் ஊருக்குப் போய் இறப்பதால் அந்தச் சாவுகள் இங்கே பதிவாவதும் இல்லை.

ஆனால் நீண்ட நாள் உயிரோடு இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு. 55 வயதிலேயே 70 வயது உடம்பு வந்துவிடுகிறது என்று விடுதிகளில் வேலை செய்யும் செவிலியர்கள் சொல்வார்கள்.

"வலி வலி என்று நடிப்பார்கள்" என்று சில மருத்துவமனை ஊழியர்கள் சொல்கிறார்களே?

இந்தப் பேச்சுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. 1952இல் ஃப்ரான்ஸ் ஃபனோன் என்ற இளம் மருத்துவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மார்த்தினிக் தீவில் பிறந்தவர், லியோன் நகரில் மருத்துவம் படித்தவர். வட ஆப்பிரிக்கத் தொழிலாளி வயிறு, தலை, முதுகு எல்லாம் வலிக்கிறது என்று வருவான். பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. உடனே இவன் சோம்பேறி, நடிக்கிறான் என்று முடிவு. இதற்கு 'வட ஆப்பிரிக்க நோய்க்குறி' என்று மருத்துவர்களே கிண்டலாகப் பெயர் வைத்திருந்தார்கள். ஃபனோன் கேட்ட கேள்வி வேறு: இவனுக்கு வீடு உண்டா, மனைவி பக்கத்தில் உண்டா, நாளைக்கு வேலை நிச்சயமா, தெருவில் யாராவது இவனை மனிதனாகப் பார்க்கிறார்களா? அந்த வாழ்க்கைதான் வலிக்கிறது என்றார். அடுத்த வருடம் அவர் அல்ஜீரியாவில் பிளிதா மனநல மருத்துவமனைக்குப் போனார். வட ஆப்பிரிக்கர்கள் பிறவியிலேயே மூர்க்கமானவர்கள் என்று அல்ஜியர்ஸ் மருத்துவப் பள்ளியில் பாடமாகவே நடத்திக்கொண்டிருந்த காலம் அது.

வேலையில் விபத்து நடந்து, காயம் ஆறிய பிறகும் வலி போகாதவர்களுக்கு 'சினிஸ்த்ரோஸ்' என்று ஒரு பெயர் இருந்தது. இழப்பீட்டு ஆசையால் வரும் நோய் என்று அர்த்தம். குடியேறிய தொழிலாளர்கள் மேல்தான் அந்தச் சீட்டு அதிகம் ஒட்டப்பட்டது. இன்றும் 'மத்தியதரைக்கடல் நோய்க்குறி' என்ற பேச்சு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் காதில் விழுகிறது. இது வெறும் மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். வலியை நம்பாவிட்டால் பரிசோதனை தள்ளிப்போகும், மாரடைப்பு வாயுப்பிடிப்பு ஆகிவிடும்.

இன்னொரு விஷயம். அரபியில் 'கொர்பா' என்று ஒரு சொல் உண்டு, அந்நிய மண்ணில் இருக்கும் துயரம். ஒரு பெரியவர் மருத்துவரிடம் தலை கனக்கிறது, நெஞ்சு இறுகுகிறது என்பார். அவர் சொல்வது கொர்பா. மனச்சோர்வு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது.

சர்க்கரை நோய் ஏன் இவ்வளவு?

உலகிலேயே சர்க்கரை நோய் விகிதம் மிக அதிகமான பகுதிகளில் மத்திய கிழக்கும் வட ஆப்பிரிக்காவும் அடங்கும். ஐரோப்பாவில் வாழும் மொராக்கோக்காரர்களுக்கும் உள்ளூர் மக்களைவிட அதிகமாகவும் இளம் வயதிலும் வருகிறது. மரபணு கொஞ்சம், வயிற்றுக் கொழுப்பு கொஞ்சம். வேலை நின்றதும் நடமாட்டமும் நின்றுபோவது ஒரு காரணம். அப்புறம் தேநீர்.

புதினாத் தேநீரை ஒரு பானமாக மட்டும் பார்த்தால் புரியாது. மொராக்கோவில் சர்க்கரையைக் கூம்பு வடிவக் கட்டியாக விற்பார்கள், ஒரு கூம்பு 2 கிலோ. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் அதைக் கையில் கொண்டுபோவார்கள், நம் சீர்த்தட்டு போல. வீட்டில் சின்னச் சுத்தியலால் உடைத்து, பெரிய துண்டாகவே கூஜாவில் போடுவார்கள். அப்படிப்பட்டவரிடம் போய் "இனிப்பை நிறுத்துங்கள்" என்று ஒரு வரியில் சொன்னால் வருகிறவர்களை உபசரிக்காதே என்று சொன்ன மாதிரிதான் அவர் காதில் விழும். நல்ல செவிலியர்கள் "விருந்தாளிக்குப் போடுங்கள், உங்கள் கிளாஸுக்குச் சர்க்கரை போடும் முன்னாடியே தனியாக எடுத்து வையுங்கள்" என்கிறார்கள். அது நடக்கிறது.

ரமலான் நோன்பு?

நோயாளிகளுக்குக் குர்ஆனிலேயே விலக்கு உண்டு, பதிலுக்கு ஏழைக்கு உணவளிக்கலாம். ஆனால் அறுபது வருடம் நோன்பு வைத்தவருக்கு அந்த விலக்கு ஒரு தோல்வியாகத் தெரிகிறது. பாரிஸில் கோடையில் ரமலான் வந்தால் 17 மணி நேரத்துக்கு மேல் நோன்பு நீளும். பகலில் சர்க்கரை இறங்கி மயக்கம், நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழம், ஹரீரா சூப், தேனில் ஊறிய பலகாரம் என்று ஒரே ஏற்றம். நோன்பு தொடங்க ஒன்றரை இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுபவர், சிறுநீரகம் பழுதானவர் கட்டாயம். விரலில் குத்தி சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்பதே அறிஞர்கள் பலரின் கருத்து. இதைத் தெரியாமல் மாதம் முழுக்கப் பார்க்காமலே இருப்பவர்கள் நிறைய.

மறதி நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பலருக்குப் படிக்கத் தெரியாதே?

நல்ல கேள்வி. வழக்கமான ஞாபகப் பரிசோதனையில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாதவர் அதில் தோற்றால் அது மறதியா, எழுத்தறிவின்மையா?

இதற்கு விடை 93ஆம் மாவட்டத்திலேயே கிடைத்தது. பொபிஞியில் அவிசென் மருத்துவமனை இருக்கிறது. 1935இல் வட ஆப்பிரிக்கர்களுக்கு மட்டும் என்று ஊருக்கு வெளியே கட்டி, 'பிராங்கோ-முஸ்லிம் மருத்துவமனை' என்று பெயர் வைத்தார்கள். கண்காணிப்பும் ஒதுக்கலும் அதன் பிறப்பிலேயே இருந்தன. 1978இல் பழங்கால மருத்துவ மேதை இப்னு சீனாவின் பெயரைச் சூட்டினார்கள், பிரெஞ்சில் அவரை அவிசென் என்பார்கள். அந்த மருத்துவமனையின் மருத்துவர்களும் உளவியலாளர்களும் சேர்ந்து 'ஒன்பது படங்கள்' என்ற பரிசோதனையை உருவாக்கினார்கள். மாவட்ட எண்ணான 93ஐயே பெயரில் சேர்த்திருக்கிறார்கள். ஒன்பது படங்களைக் காட்டி, பெயர் சொல்ல வைத்து, சற்று நேரம் கழித்து எவை ஞாபகம் இருக்கின்றன என்று கேட்பார்கள். எழுதவும் வேண்டாம், படிக்கவும் வேண்டாம், எந்த மொழியிலும் சொல்லலாம். ஒதுக்கி வைப்பதற்காகக் கட்டிய இடத்திலிருந்து இப்படி ஒன்று வந்ததே என்று எனக்கு இப்போதும் மகிழ்ச்சி.

மறதி வந்தால் கடைசியில் கற்ற மொழிதான் முதலில் போகும். நாற்பது வருடம் பிரெஞ்சு பேசியவர் திடீரென்று தன் தாய்மொழியில், அல்ஜீரியாவின் கபிலியா பகுதிக்காரர் என்றால் கபில் மொழியில், மட்டும் பேசுவார். முதியோர் இல்ல ஊழியர் உளறுகிறார் என்று நினைப்பார்.

ஓய்வு பெற்ற பிறகாவது ஊருக்குப் போய்விடலாமே?

இதுதான் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கும் கேள்வி. பதில் ஒரு காலண்டரில் இருக்கிறது.

பென்ஷன் மிகக் குறைவாக இருந்தால், 65 வயதுக்கு மேல் அரசு ஒரு தொகை சேர்த்துக் கொடுத்து, மாதம் ஆயிரம் யூரோவுக்குச் சற்று மேல் வரும்படி செய்கிறது. அஸ்பா என்பார்கள். பென்ஷனை எந்த நாட்டிலும் இருந்து வாங்கலாம். அஸ்பாவை மட்டும் பிரான்சில் குடியிருந்தால்தான் வாங்க முடியும். வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருக்க வேண்டும் என்றிருந்ததை, 2023 செப்டம்பர் முதல் ஒன்பது மாதமாக்கிவிட்டார்கள். அதாவது மனைவியுடனும் பிள்ளைகளுடனும் வருடத்துக்கு மூன்று மாதம்தான் இருக்கலாம். நான்காவது மாதம் தங்கினால் மருந்துக்கும் வாடகைக்கும் இருக்கும் பணம் போகும்.

2009இல் துலூஸ் நகரத்து ஃபோயே ஒன்றில் பாஸ்போர்ட்டுகளை வாங்கி, விமான நிலைய முத்திரைகளைக் கணக்கிட்டு, நாள் கூடிப்போனவர்களிடம் ஆயிரக்கணக்கான யூரோவைத் திரும்பக் கேட்டார்கள். எழுத்தே படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தக் கடிதம் பிரெஞ்சில் வந்தது. இதிலிருந்துதான் அங்கே ஷிபானிகளுக்கான கூட்டமைப்பு பிறந்தது. அன்று முதல் பல பெரியவர்கள் காலண்டரில் நாளைக் கோடு போட்டு வருகிறார்கள். பார்பேஸ் பெஞ்சில் இருப்பவர்களில் பலர் அங்கே நாளைத்தான் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே இருப்பதுதான் அவர்களுக்கு இப்போது வேலை.

இன்னொரு பொறி 1998 சட்டத்தில் வந்த 'ஓய்வூதியர்' வதிவிட அட்டை. பத்து வருட அட்டை, சுலபமாகப் போய் வரலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதை வாங்கியவர் சட்டப்படி பிரான்சில் குடியிருப்பவர் அல்ல என்று ஆகிவிட்டது. பல சலுகைகள் போயின. குறைந்தது 15 வருடம் காப்பீட்டுப் பணம் கட்டியிருந்தால்கூட உடனடித் தேவைக்கு மட்டும்தான் மருத்துவம் என்று இருந்தது. தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் பழைய அட்டையைத் திரும்பக் கேட்டு அலைந்தார்கள்.

நீண்ட நாள் ஊரில் இருப்பவர்களுக்கு என்று 2016இல் தனி உதவி ஒன்று தொடங்கினார்கள். அதை எடுத்தால் மற்ற உதவிகளை விட வேண்டும் என்பதால் மிகச் சிலரே அதற்கு மாறினார்கள்.

பணம் மட்டும் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். டயாலிசிஸ் இங்கே இருக்கிறது, இதய மருத்துவர் இங்கே இருக்கிறார். அதோடு, ஊரில் மனைவி அவர் இல்லாமலே வீட்டை நடத்திப் பழகிவிட்டாள். விடுமுறைக்கு வரும் விருந்தாளியாகவே பிள்ளைகள் அவரை அறிவார்கள்.

நாற்பது வருடம் உழைத்தும் பென்ஷன் ஏன் இவ்வளவு குறைவு?

முதலாளி பாதி நாளைக் கணக்கில் காட்டவில்லை. சம்பளச் சீட்டு தொலைந்தது, பெயரை மூன்று விதமாக எழுதினார்கள், பிறந்த தேதி 'ஏறக்குறைய' என்றே பதிவாகியிருந்தது. அப்புறம் நேரடியான பாகுபாடு. பிரெஞ்சு ரயில்வே 1970களில் மொராக்கோவிலிருந்து ஆள் எடுத்தது. ரயில் பெட்டிகளை இணைப்பது, தண்டவாளம் போடுவது போன்ற வேலைகள். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்த பிரெஞ்சுக்காரருக்கு ரயில்வே ஊழியர் அந்தஸ்து, இவர்களுக்குத் தனி ஒப்பந்தம். பதவி உயர்வும் வேறு, ஓய்வு வயதும் பென்ஷனும் வேறு. சுமார் 850 பேர் வழக்குப் போட்டார்கள். 2015 செப்டம்பரில் பாரிஸ் தொழிலாளர் நீதிமன்றம் பாகுபாடு நடந்தது என்று தீர்ப்பளித்தது. 2018 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பத்து வருடத்துக்கு மேல் இழுத்த வழக்கு. தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லாதவர்களின் பங்கு விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் போனது.

பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

உண்மை. கணவனிடம் வந்து சேர்ந்தவர்கள் அலுவலகங்களைத் துடைத்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், பாதி வேலை பதிவே ஆகவில்லை. தன் பெயரில் பென்ஷன் என்பது பலருக்குச் சில நூறு யூரோ. பிரான்சில் 50 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை இலவசம். அழைப்புக் கடிதம் வீட்டுக்கே வரும். அந்தக் கடிதம் வாசிக்கப்படாமல் மேசை இழுப்பறையில் கிடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மகளோ பேரனோ மொழிபெயர்க்க வருவார்கள். அங்கே 'ஹ்ஷூமா' குறுக்கே நிற்கும். வெட்கம், மானம் இரண்டும் சேர்ந்த சொல் அது. சிறுநீர் கசிவதை, கர்ப்பப்பை இறங்கியதை மகன் வாயால் எப்படிச் சொல்ல வைப்பாள்? "ஒன்றும் இல்லை, முழங்கால்தான்" என்று முடித்துவிடுவாள். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஆடம்பரம் இல்லை.

ஊரிலேயே இருந்துவிட்ட மனைவிமார் இன்னொரு கூட்டம். கணவன் இறந்த பிறகு பிரெஞ்சு பென்ஷனில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதற்கு வருடா வருடம் 'உயிரோடிருக்கிறேன்' என்று சான்றிதழ் அனுப்ப வேண்டும். தபால் தாமதமானால் பணம் நின்றுவிடும்.

இறந்தால் எங்கே அடக்கம்?

பெரும்பாலோர் பிறந்த மண்ணுக்கே போக விரும்புகிறார்கள். அதற்கு வங்கிக் காப்பீடு எடுத்திருப்பார்கள். கபிலியாவைச் சேர்ந்தவர்களுக்கு ஊர்க் குழு இருக்கும். ஒவ்வொரு கிராமத்துக்காரரும் வருடம் இவ்வளவு என்று போடுவார்கள், யார் இறந்தாலும் பெட்டியும் விமானமும் அந்தப் பணத்தில். நம் யாழ்ப்பாணத்து ஊர்ச்சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

2020 வசந்தத்தில் கோவிட் வந்தபோது மொராக்கோ எல்லையை மூடியது, உடல்களும் சில மாதங்கள் போக முடியவில்லை. இங்கே முஸ்லிம்களுக்கு இடுகாட்டில் இடம் போதாது. 1881 சட்டம் மதவாரியாக இடுகாட்டைப் பிரிப்பதை நிறுத்தியதால், தனிப் பகுதி ஒதுக்குவது அந்தந்த மேயரின் விருப்பம். வாழ்நாள் முழுக்கக் காப்பீட்டுப் பணம் கட்டியவரைக்கூட எங்கோ கிடைத்த இடத்தில் அடக்கம் செய்தார்கள்.

இங்கிருக்கும் தமிழர்களுக்கு இதில் என்ன?

1985இல் 25 வயதில் பாரிஸ் வந்து இறங்கிய ஈழத்தமிழருக்கு 2025இல் 65 வயது. உணவகச் சமையலறையில் பாதிச் சம்பளம் சீட்டிலும் பாதி கையிலுமாக வாங்கியவர்கள் நம்மிடம் எத்தனை பேர்? அதே அஸ்பா, அதே ஒன்பது மாதம். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிவிட்டாலும் அந்த விதி மாறாது. ஆகவே சில விஷயங்களை இப்போதே செய்யுங்கள். பழைய சம்பளச் சீட்டுகளை எறியாதீர்கள். 55 வயதிலேயே பென்ஷன் கணக்கை வரவழைத்துப் பார்த்து, விடுபட்ட காலாண்டுகளைக் கேளுங்கள். அடிக்கடி பயணம் போனால் விமானச் சீட்டுகளைத் தேதி வாரியாக வையுங்கள். அட்டை எதையாவது மாற்றச் சொன்னால் சமூகப் பணியாளரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஷிபானிகள் போராடியதால் வந்த ஒரு நன்மை நமக்கும் உண்டு. 65 வயது தாண்டி, 25 வருடம் முறையாக இங்கே வாழ்ந்து, பிள்ளையோ பேரப்பிள்ளையோ பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்தால், 2016 ஜூலை முதல் ஓர் அறிவிப்பு மூலமே குடியுரிமை கேட்கலாம்.

நான் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பெல்வில் பகுதியில் 2003 முதல் 'கஃபே சோசியால்' ஒன்று நடக்கிறது. 'அய்யெம் ஸமென்' என்ற சங்கம் நடத்துகிறது, பழைய நாட்கள் என்று பொருள். மலிவு விலையில் காபி குடிக்கலாம், டோமினோ ஆடலாம், பக்கத்து மேசையில் சமூகப் பணியாளரிடம் கடிதத்தை நீட்டலாம். பிறகு கூத் தோர் பகுதியிலும் ஒன்று திறந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் தெரிந்த பெரியவர் தனியாக இருந்தால் அங்கே கூட்டிப் போங்கள்.

பேச்சைத் தொடங்கத் தெரியவில்லை என்றால் 'அம்மி' என்று கூப்பிடுங்கள், அப்பாவின் சகோதரர் என்று பொருள். வயதான பெண்ணை 'கால்த்தி' எனலாம், அம்மாவின் சகோதரி. கபில் பெரியவர் என்றால் 'தாதா', நம் அண்ணன் மாதிரி. நான் காத்திருப்பு அறையில் ஒருவரை முதல் முறை அம்மி என்று கூப்பிட்டபோது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையிலிருந்து நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்தார். மூன்று வாரமாக மடித்து மடித்து மடிப்பே கிழிந்திருந்தது. கண் மருத்துவர் தேதியை மாற்றியிருந்தார், அவ்வளவுதான். அஸ்பாவை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்றார்.